கையிலுள்ள தொலைபேசி ஆபத்தில் கைகொடுக்க வேண்டுமானால்...

தெற்காசியாவிலேயே முதன்முதலாகக் கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பிக்கப்பட்ட நாடு இலங்கையாகும். 1989 ஆம் ஆண்டில் செல்டெல் நிறுவனம் அச்சேவையைத் தொடங்கியபோது, செங்கல்லைப் போன்ற கனத்த அந்தக் கருவி பெரும் வர்த்தகர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. 2024 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சமாகும். பாவனையிலுள்ள கையடக்கத் தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கையோ அதனையும் விஞ்சி நிற்கின்றது. கண்டி மாநகரின் வர்த்தகர் முதல் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய பகுதிகளின் லயன் அறைகளில் வாழும் தொழிலாளி வரை தொலைபேசி இல்லாதவர் அரிது என்றே கூற வேண்டும்.

ஆயினும், தொலைபேசி கையில் இருப்பது வேறு. அது தேவைப்படும் வேளையில் பயன்படுவது வேறு. இந்த வேறுபாட்டை 2025 நவம்பர் மாத இறுதியில் கண்டி மாவட்ட மக்கள் மிகக் கசப்பான முறையில் உணர்ந்துகொண்டனர்.

2025 நவம்பர் 28 ஆம் திகதி நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளியில் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காணாமற் போயினர். மாவட்டங்களுள் மிகப் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது கண்டியே. மலைச்சரிவுகள் இடிந்து வீடுகளின் மீது வீழ்ந்தன. மகாவலி பெருக்கெடுத்துக் கம்பளை நகரை மூழ்கடித்தது. வீதிகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் இன்றிப் பல பகுதிகளில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் செயலிழந்தன. தந்தை மண்ணுக்கடியிலா அல்லது பாடசாலை முகாமிலா என அறிய முடியாமல், கொழும்பிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் இருந்த பிள்ளைகள் நாட்கணக்கில் தவித்தனர்.

இத்தகைய நிலையில், விலையுயர்ந்த திறன்பேசிகளை விடவும் சாதாரண பொத்தான் தொலைபேசியின் பெறுமதி எத்தகையது என்பது புலப்படுகின்றது. திறன்பேசியின் பற்றரி ஒரு நாளைக்குத் தாக்குப்பிடிப்பதே அரிது. சாதாரண தொலைபேசியோ ஒருமுறை மின்னேற்றப்பட்டால் பல நாட்கள் உயிரோடு இருக்கும். அதில் கைவிளக்கு உண்டு. பெரும்பாலானவற்றில் பண்பலை வானொலியும் உண்டு. இணைய வசதி தேவையில்லை. விலையும் ஏழைத் தொழிலாளியின் சக்திக்கு எட்டக்கூடியது. எனவே இக்கருவியை வறியோரின் விளையாட்டுப் பொருளாகவோ, காலம் கடந்த பண்டமாகவோ நோக்குவது பெருந்தவறாகும். மலைநாட்டில் அது ஓர் உயிர்காப்புச் சாதனமாகும்.

ஆனால், அந்த உயிர்காப்புச் சாதனத்தை முறையாக அமைத்துக்கொள்ளவும் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் எமது மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதே எமது கேள்வி. வழக்கமாக நடப்பது என்ன? கடைக்காரர் சிம் அட்டையைப் போட்டு இயக்கிக் கொடுக்கின்றார். அல்லது வீட்டிலுள்ள பிள்ளை இரண்டு மூன்று இலக்கங்களைப் பதிந்து கொடுக்கின்றது. தாயோ பாட்டனாரோ பச்சைப் பொத்தானை அழுத்தினால் பேசலாம், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிறுத்தலாம் என்பதோடு தமது கல்வியை முடித்துக்கொள்கின்றனர். வரும் குறுஞ்செய்தி வாசிக்கப்படாமலேயே கிடக்கின்றது. அது மண்சரிவு எச்சரிக்கையா அல்லது மோசடிக்காரனின் வலையா என்பதை அறியும் வாய்ப்பே அவர்களுக்கு இருப்பதில்லை.

எம்மைப் பொறுத்தவரையில், ஒரு தொலைபேசி உண்மையில் ஒருவருக்குச் சொந்தமானது என்று கூற மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அது அவரது பெயரில் இருக்க வேண்டும். அது அவருக்கு விளங்கும் மொழியில் பேச வேண்டும். அதன் இரகசியம் அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அக்கருவி இரவல் கருவியே.

முதலாவது நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். எமது குடும்பங்களில் ஒருவரது தேசிய அடையாள அட்டையில் மூன்று நான்கு பேருக்கு சிம் அட்டை எடுத்துக்கொடுப்பது சர்வசாதாரணமாக நடைபெறுகின்றது. வெளிநாடு சென்ற மைத்துனரின் பெயரில் உள்ள இணைப்பை வீட்டிலுள்ள பெண் பயன்படுத்துகின்றார். தோட்டத்தில் கங்காணியின் பெயரில் எடுத்த இணைப்பைத் தொழிலாளி பயன்படுத்துகின்றார். தொலைபேசி காணாமற் போகும் நாளில்தான் இதன் விபரீதம் தெரியவரும். அதே இலக்கத்தில் புதிய சிம் அட்டையைப் பெறப் பதிவு பெற்ற உரிமையாளரே வர வேண்டும். அவர் கட்டாரில் இருந்தால் என்ன செய்வது? மறுபுறம், ஒருவரின் பெயரிலுள்ள இணைப்பின் மூலம் வேறொருவர் குற்றம் புரிந்தால் பொலிஸார் முதலில் தட்டுவது பதிவிலுள்ளவரின் கதவையே. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிய உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்னரான மாதங்களில் அப்பாவி முஸ்லிம் குடும்பங்கள் எத்தகைய சந்தேகப் பார்வைக்கு உள்ளாகின என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆகையால் சிம் அட்டையைத் தமது சொந்தப் பெயரில் பெறுவதும், அதை எவருக்கும் இரவல் கொடாதிருப்பதும் வெறும் சட்டத் தேவை என எண்ணிவிடலாகாது. அது ஒரு தற்காப்பாகும்.

கருவியை வாங்கும்போதும் இதே அவதானம் தேவை. ஒவ்வொரு கையடக்கத் தொலைபேசிக்கும் 15 இலக்கங்களைக் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எனும் அடையாள எண் உண்டு. *#06# என அழுத்தினால் அது திரையில் தோன்றும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்பதை அறிந்துகொள்ளலாம். பணத்தைச் செலுத்துவதற்கு முன்னரே இதனைச் செய்தல் வேண்டும். 2025 ஜனவரி 29 ஆம் திகதிக்குப் பின்னர், பதிவு செய்யப்படாத புதிய கருவிகள் உள்நாட்டு வலையமைப்புகளில் இயங்க அனுமதிக்கப்படமாட்டா என ஆணைக்குழு அறிவித்திருந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் கருவிகளுக்கும் இது பொருந்தும் என்பதனால், அவற்றைப் பதிவு செய்யும் முறையை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது நல்லது. இந்த 15 இலக்கங்களையும் வீட்டிலுள்ள ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் அவசியம். கருவி திருட்டுப்போனால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அதுவே ஆதாரம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. சில மலிவான பொத்தான் தொலைபேசிகள் இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் மட்டுமே இயங்கக்கூடியன. வேறு சில நான்காம் தலைமுறை வலையமைப்பிலும் குரல் அழைப்பை ஏற்படுத்த வல்லன. உலகின் பல நாடுகளில் பழைய வலையமைப்புகள் படிப்படியாக மூடப்பட்டு வருகின்றன. எனவே சற்றுக் கூடுதலான விலை கொடுத்தேனும் நான்காம் தலைமுறைக் கருவியை வாங்குவதே நீண்டகால நோக்கில் சிக்கனமானதாகும்.

மற்றுமொரு எச்சரிக்கை. நீண்ட காலம் பயன்படுத்தாமல், பணம் மீள்நிரப்பாமல் விடப்படும் முற்கொடுப்பனவு இலக்கம் காலாவதியாகிப் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அந்த இலக்கத்தை வங்கிக் கணக்கோடு இணைத்திருந்தால், வங்கி அனுப்பும் செய்திகள் முன்பின் அறியாத ஒருவரின் கைக்குச் சென்றுவிடும். இலக்கத்தை மாற்றியவுடன் முதலில் அறிவிக்க வேண்டியது உறவினருக்கு மட்டுமல்ல, வங்கிக்குந்தான்.

இரண்டாவது நிபந்தனை மொழி. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தின் சனத்தொகை 13 இலட்சத்து 75 ஆயிரமாகும். முஸ்லிம்களையும், இலங்கைத் தமிழரையும், மலையகத் தமிழரையும் சேர்த்தால் அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் தமிழ்பேசும் மக்களாவர். அக்குறணையிலும் மடவளையிலும் கல்ஹின்னையிலும், பெருந்தோட்டங்களிலும் வாழும் இம்மக்களுள் பலர் சிங்களத்தைப் பேசினாலும், அவசரத்தில் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியது தமிழையே. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும் டித்வா அனர்த்தத்தின் போதும் அதன் பின்னரும், எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் போதியளவு வெளியிடப்படவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக முன்வைக்கப்பட்டது. வெள்ளம் மொழி பார்த்து வருவதில்லை. எச்சரிக்கை மட்டும் மொழி பார்த்து வருவது எந்த நியாயத்தில் சேரும்?

கருவியின் மொழியைத் தமிழுக்கு மாற்றக்கூடிய வசதி சில தொலைபேசிகளில் உண்டு. வேறு சிலவற்றில் தமிழ் எழுத்துக்கள் வெறும் கட்டங்களாகவே தோன்றும். கடையிலேயே ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியை அக்கருவிக்கு அனுப்பச் செய்து, அது வாசிக்கக்கூடியதாகத் தோன்றுகின்றதா எனப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். கருவியின் விலையில் நூறு ரூபாவைக் குறைத்துத் தருமாறு பேரம் பேசும் நாம், இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்வதில்லை. சேவை வழங்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் விருப்ப மொழியைப் பதிவு செய்துகொள்ளும் வழக்கமுடையன. புதிய இணைப்பைப் பெறும்போதே தமிழைத் தெரிவு செய்யும்படி கோருவது எமது உரிமையாகும்.

மூன்றாவது நிபந்தனை இரகசியம். திறன்பேசி இல்லாதவரை மோசடிக்காரர்கள் நெருங்கமாட்டார்கள் என்பது ஒரு மாயை. கென்யாவில் 2007 இல் ஆரம்பிக்கப்பட்ட எம்-பெசா சேவை, பொத்தான் தொலைபேசியின் மூலமே பணம் அனுப்ப முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது. இலங்கையிலும் 2012 இல் ஈசி கேஷ், 2013 இல் எம் கேஷ் ஆகிய சேவைகள் அறிமுகமாயின. பணம் இருக்கும் இடத்தைத் திருடன் அறிவான். சாதாரண தொலைபேசிக்குள்ளும் இன்று பணப்பை இருக்கின்றது.

திருடன் வரும் வழிகள் சில எமது வாசகர்கள் நன்கறிந்தவை. “உங்கள் இலக்கத்துக்கு இலட்சக்கணக்கில் பரிசு விழுந்துள்ளது, அதைப் பெறுவதற்கு முதலில் சிறு தொகையை வைப்பிலிடுங்கள்” என்பது ஒன்று. “தவறுதலாக உங்கள் இலக்கத்துக்கு ரீலோட் செய்துவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்பது இன்னொன்று. முன்பின் அறியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரே ஒரு முறை மணி ஒலித்து நின்றுவிடும். வளைகுடாவிலுள்ள மகனாக இருக்குமோ என்ற பதற்றத்தில் தாய் திருப்பி அழைப்பார். நிமிடத்துக்குப் பெருந்தொகை அறவிடப்படும். இதற்குரிய பரிகாரம் எளிது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் இலக்கங்களை நாட்டுக் குறியீட்டுடன் பெயரிட்டுப் பதிந்து வைத்துவிட்டால், பெயர் தோன்றாத எந்த வெளிநாட்டு அழைப்புக்கும் பதற வேண்டியதில்லை.

அதிகம் அறியப்படாத ஒரு வழியும் உண்டு. தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாகக் கூறும் ஒருவர், நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஒரு குறியீட்டை அழுத்துமாறு பணிவாகக் கேட்பார். **21* என்பதைத் தொடர்ந்து ஓர் இலக்கத்தை அழுத்தினால், எமக்கு வரும் அழைப்புகள் அனைத்தும் அந்த இலக்கத்துக்குத் திருப்பப்பட்டுவிடும் என்பதை அவர் சொல்லமாட்டார். வங்கி குரல் அழைப்பின் மூலம் வழங்கும் இரகசிய இலக்கமும் அவரது காதுக்கே போய்ச் சேரும். அவ்வாறு நடந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் ##002# என அழுத்தி அழைக்க வேண்டும். திருப்பிவிடப்பட்ட அழைப்புகள் யாவும் அதன்மூலம் இரத்தாகும். எவர் கேட்டாலும், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், வங்கியின் பெயரைச் சொன்னாலும், மௌலவியின் பெயரைச் சொன்னாலும், ஓ.ரி.பி. எனப்படும் ஒருமுறை இரகசிய இலக்கத்தை வாய்திறந்து சொல்லலாகாது. கேட்பவர் யாராயினும் அவர் திருடரே என்று முடிவுகட்டிவிட்டால் தவறு நேராது. உண்மையான வங்கி அதனை ஒருபோதும் கேட்பதில்லை.

கருவியைப் பூட்டும் குறியீட்டுக்கு மேலதிகமாக சிம் அட்டைக்கும் ஓர் இரகசிய இலக்கத்தை இடலாம். தொலைந்த தொலைபேசியிலிருந்து சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் போட்டுப் பணத்தைக் கறக்க முயல்பவனை அது தடுத்து நிறுத்தும். ஆனால் இதில் அவதானம் தேவை. இரகசிய இலக்கத்தை மூன்று தடவை பிழையாக அழுத்தினால் சிம் அட்டை பூட்டிக்கொள்ளும். அதனைத் திறப்பதற்கான பி.யு.கே. எனும் எட்டு இலக்கக் குறியீட்டை சிம் அட்டை ஒட்டியிருந்த பெரிய அட்டையில் அச்சிட்டிருப்பர் அல்லது நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். அதையும் பத்துத் தடவை பிழையாக அழுத்தினால் சிம் அட்டை நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். எனவே அந்த அட்டையை வீசிவிடாமல், காணி உறுதியைப் பாதுகாப்பது போல் பத்திரப்படுத்த வேண்டும்.

இனி, அனர்த்த வேளையை நோக்குவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் வெளியிடுகின்றது. மஞ்சள் நிறம் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறம் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு நிறம் என்றால் உடனடியாக வெளியேற வேண்டும். மலைச்சரிவில் வாழும் குடும்பம் ஒவ்வொன்றும் இந்த மூன்று நிறங்களையும் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். மஞ்சள் எச்சரிக்கை வந்தவுடனேயே தொலைபேசியை முழுமையாக மின்னேற்றிவிட வேண்டும். மின்சாரம் நின்ற பின்னர் தேடுவதால் பயனில்லை. வெளியேறும்போது கருவியைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். மின்னல் வேளையில் மின்னேற்றியில் பொருத்தியபடி பேசுதல் ஆபத்தானது.

வலையமைப்பு நெரிசலில் திணறும்போது குரல் அழைப்பு கிடைக்காது. ஆனால் குறுஞ்செய்தி மிகச் சிறிய இடைவெளியிலும் நுழைந்து சென்றுவிடும். “நாங்கள் ஐந்து பேரும் பாடசாலையில் பத்திரம்” என்ற ஒரு வரி பத்து அழைப்புகளுக்குச் சமம். வெளிநாட்டிலுள்ளவரும் திரும்பத் திரும்ப அழைத்து அந்தப் பற்றரியைத் தீர்த்துவிடாமல், குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். சமிக்ஞை இல்லாத பள்ளத்தில் கருவி கோபுரத்தைத் தேடித் தேடியே சக்தியை இழக்கும். அங்கே அதனை நிறுத்தி வைத்து, குறித்த நேரங்களில் மட்டும் மேடான இடத்துக்குச் சென்று இயக்குவது நல்லது. பொத்தான் தொலைபேசிகள் பலவற்றில் வானொலி இயங்குவதற்குச் செவிப்பன்னியின் கம்பியே அலைவாங்கியாகச் செயற்படுகின்றது. அந்தக் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்ட வீடுகளில், கோபுரங்கள் செயலிழந்த இரவில் செய்தி கேட்கும் கடைசி வாய்ப்பும் இல்லாமற் போய்விடுகின்றது.

பதிந்து வைக்க வேண்டிய இலக்கங்களும் சில உண்டு. பொலிஸ் அவசர அழைப்பு 119. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இலவச அம்பியூலன்ஸ் சேவையான சுவசெரிய 1990. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு 1938. இணையவழி மோசடி தொடர்பில் இலங்கை கணினி அவசர ஆயத்தக் குழுவின் இலக்கம் 101. இவற்றோடு கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும் அயலவர் இருவரின் இலக்கங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பதும், இரண்டொன்றையேனும் மனனம் செய்வதும் அவசியமாகும். பற்றரி தீர்ந்த தொலைபேசியில் பதிந்த இலக்கம் பூட்டிய பெட்டகத்திலுள்ள பணத்துக்கு ஒப்பானது. அடுத்தவர் தொலைபேசியைக் கடன் வாங்கினாலும் அழைக்க இலக்கம் தெரிய வேண்டுமல்லவா?

தொலைபேசியால் கண்டி மக்கள் பட்ட பாடு இயற்கை அனர்த்தத்தோடு முடிந்துவிடவில்லை. 2018 மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வெடித்த வன்முறையின் நினைவு இன்னமும் ஆறாத வடுவாகவே உள்ளது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முதல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை நாடளாவிய ரீதியில் முடக்கப்பட்டன. வெறுப்பைத் தூண்டும் சிங்களப் பதிவுகளைத் தடுக்கத் தவறியமை உள்ளிட்ட குறைபாடுகளுக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பு கூரையாகவில்லை.

வதந்தி பரவுவதற்குத் திறன்பேசி மட்டுமே காரணம் என்று கூறிச் சாதாரண தொலைபேசியை நாம் குற்றத்திலிருந்து விடுவித்துவிட முடியாது. பதற்றமான இரவொன்றில் ஓர் அழைப்பும் ஒரு குறுஞ்செய்தியும் ஊரைக் கொளுத்தப் போதுமானவை. “அவர்கள் வருகிறார்கள்” என்ற மூன்றாம் கை, நான்காம் கைச் செய்தி அச்சத்தையும், அச்சம் ஆத்திரத்தையும் பிறப்பிக்கும். யார் கண்டது, எப்போது கண்டது, எங்கே கண்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத செய்தியை மற்றொருவருக்கு அனுப்புவதில்லை என்று ஒவ்வொருவரும் உறுதிபூண வேண்டும். இன, மத வெறுப்பைத் தூண்டுதல் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் பாரதூரமான குற்றமாகும். அச்சட்டம் சில வேளைகளில் சிறுபான்மையினருக்கு எதிராகவே பயன்படுத்தப்பட்டுள்ளது என்ற விமர்சனமும் உண்டு. எமது இளைஞர்கள் இரட்டிப்பு அவதானத்துடன் நடந்துகொள்ள அதுவும் ஒரு காரணமாகும். அதேவேளை, சிங்கள அயலவர் இருவரின் இலக்கங்கள் எமது தொலைபேசியிலும், எமது இலக்கம் அவர்களது தொலைபேசியிலும் இருத்தல் வேண்டும். வதந்தி கிளம்பும் வேளையில் நேரடியாக விசாரித்து உண்மையறிய அதைவிடச் சிறந்த வழி வேறில்லை. திகனையில் எரிந்துகொண்டிருந்த நாட்களிலும் முஸ்லிம் அயலவரைத் தமது வீடுகளில் காத்த சிங்களக் குடும்பங்கள் இருந்தன என்பதை மறந்துவிடலாகாது.

இவையெல்லாம் தனிமனிதரின் கடமைகள் மட்டுமே என்று அரசாங்கம் கைகழுவிவிட இடமளிக்க முடியாது. சாதாரண தொலைபேசிக்கும் எட்டக்கூடிய அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு இந்நாட்டில் 2009 ஆம் ஆண்டிலேயே அறிமுகமாயிற்று. ஒரு குறிப்பிட்ட கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் அனைத்துக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் தொழில்நுட்பம் புதியதன்று. அதற்கு இணையமும் தேவையில்லை. தேவைப்படுவது ஆபத்திலுள்ள பிரதேச செயலகப் பிரிவுக்கு, ஆபத்து வரும் முன்னர், மும்மொழியிலும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற உறுதியே. எச்சரிக்கையை எழுதும் மேசையில் தமிழ் அறிந்த அலுவலர் ஒருவர் இரவு பகலாக இருப்பதற்கு ஆகும் செலவு, ஓர் அமைச்சரின் வாகனத்துக்கான எரிபொருட் செலவை விடவும் அதிகமாகிவிடாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் மலைநாட்டுக் கோபுரங்களுக்கு மாற்று மின்வசதியை அதிகரிக்க வேண்டும். இலாபம் தரும் நகரக் கோபுரத்துக்கு உள்ள கவனிப்பு, ஆபத்து மிகுந்த தோட்டக் கோபுரத்துக்கும் கிடைக்க வேண்டும்.

சமூகத்தின் பங்கும் சிறியதன்று. ஜும்ஆ தொழுகையின் பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் அரை மணி நேரம், ஆலயத் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று ஒரு மணி நேரம், தோட்டப் பாடசாலையில் பெற்றோர் கூட்டத்தின் ஒரு பகுதி என ஒதுக்கினால் போதும். க.பொ.த. உயர்தரம் பயிலும் மாணவர் பத்துப் பேர் முதியோர் பத்துப் பேரின் அருகில் அமர்ந்து, அவர்களது கருவியை அவர்களே இயக்கப் பழக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிள்ளைகள் கருவியை வாங்கித் தாமே செய்து கொடுத்துவிடலாகாது. தாயின் விரலே அழுத்த வேண்டும். தாயின் கண்ணே வாசிக்க வேண்டும். செய்து கொடுப்பது உதவி. செய்யப் பழக்குவதே பாதுகாப்பு. மழைக்காலத்தின் நள்ளிரவில் அந்தத் தாய் தனித்திருக்கும்போது செய்து கொடுக்கப் பிள்ளை அருகில் இருக்கமாட்டான்.

பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் அக்குறணை நகரம் மூழ்கும் என்பது அவ்வூர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். தொடர்ந்து பெய்தால் சரியும் மலை எது என்பது தோட்டத் தொழிலாளிக்குத் தெரியும். ஆபத்தைப் பற்றிய அறிவு எமது மக்களிடம் உண்டு. அந்த அறிவையும் உரிய வேளையில் வரும் எச்சரிக்கையையும் இணைக்கும் பாலமாகவே கையிலுள்ள சிறிய கருவி அமைய வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்னர் அப்பாலத்தைச் செப்பனிட்டுக்கொள்ள அரசும், நிறுவனங்களும், பள்ளிவாசல்களும், ஆலயங்களும், ஒவ்வொரு குடும்பமும் முன்வர வேண்டும். டித்வாவில் மாண்டோருக்கு நாம் செலுத்தக்கூடிய பயனுள்ள அஞ்சலி அதுவாகவே இருக்கும்.